மார்க்கர் மகள் விற்ற மேசை

அப்பாவின் காரியம் முடிந்த மூன்றாம் நாள், அவர் வாடகைக்கு எடுத்திருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரித்து, காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "அந்த மேசையை எப்பம்மா எடுக்கிறீங்க? பிப்ரவரிக்குள்ள எனக்கு இடம் வேணும்." அவர் சொன்ன மேசை பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், எட்டுக் கால், ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. குன்னூரில் ஒரு தகரக் கூரைக் கட்டடத்துக்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்த பில்லியர்ட்ஸ் மேசை. அதை விற்று முடிக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் வரிசை தவறாமல் செய்தேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா தோட்டத் துரைமாருக்கான ஒரு சின்ன கிளப்பில் மார்க்கராக இருந்தவர். மார்க்கர் என்றால் ஆட்டம் நடக்கும்போது ஓரமாக நின்று ஸ்கோர் சொல்லி, போர்டில் முள்ளை நகர்த்தி, துரைமார் போனபிறகு துணியைத் தூரிகையால் நீவி, இஸ்திரி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வருபவர். ஆள் குறைந்து அலமந்துபோன அந்தக் கிளப்பை 1987-ல் மூடினார்கள். பாக்கிச் சம்பளம் தரப் பணமில்லை, மேசையை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, மணிக்கு இத்தனை ரூபாய் என்று ஆடவிட்டு எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். பிற்பாடு ஆள் வரவில்லை. மூடிவிட்டார். மேசையை மட்டும் விற்கமாட்டேன் என்று இருந்துவிட்டார். எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெண் பிள்ளை அங்கே வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

முதல் வேலையாக எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கைபேசியை எடுத்துத் தேடினேன். மேசையின் ஓரத்தில் தந்தம் போன்ற வெளிர்நிறத் தட்டில் 'பரோஸ் அண்ட் வாட்ஸ், சோஹோ ஸ்கொயர், லண்டன்' என்று பொறித்திருந்தது. அதே பெயரைப் போட்டதும் இங்கிலாந்தில் ஒரு கடை அதே மாதிரி மேசையைப் பதினோராயிரம் பவுண்டு என்று போட்டிருந்தது வந்தது. பெருக்கிப் பார்த்தேன். பதினோரு லட்சத்துக்கு மேல். அன்றிரவே சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் மறுநாள் காலையில் தன் பங்குக்கு ஒரு செலவைத் திட்டமிட்டுவிட்டான். அந்த எண் எங்கள் தலையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. அடுத்த எட்டு மாதம் வந்த ஒவ்வொரு விலையையும் அதோடு ஒப்பிட்டு, அவமானப்பட்டவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பதினோராயிரம் பவுண்டில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. மரத்தை மாதக்கணக்கில் செப்பனிட்ட கூலி, புதுத் துணி, விளிம்புக்குப் புது ரப்பர், வீட்டுக்கே வந்து பூட்டிக் கொடுக்கும் செலவு, கடையின் லாபம், எல்லாம் சேர்த்து அவர்கள் கேட்கும் விலை அது. யாராவது அதைக் கொடுத்து வாங்கினார்களா என்பது வேறு கேள்வி. ஏலத்தில் எந்த விலைக்குக் கைமாறியது என்று முடிந்த விலைகளைப் பார்த்தால், செப்பனிடாத மேசைகள் அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போயிருந்தன. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், கைவினைப்பொருள் எதையும் தனியார் நம் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. 1972-ல் வந்த தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் அதைத் தடுக்கிறது. வயது சந்தேகமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் இல்லை' என்று சான்று வாங்க வேண்டும். ஆக லண்டன் விலைக்கும் குன்னூரில் கிடந்த என் மேசைக்கும் நடுவில் சாலையே இல்லை. இங்கே, இந்த நாட்டுக்குள், இருபத்திரண்டடிக்குப் பதினாறடி அறை காலியாக வைத்திருக்கும் எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதுதான் என் சந்தை. விரல்விட்டு எண்ணலாம்.

சரி, பதினோரு லட்சம் வரப்போகிறது, கொஞ்சம் செலவழித்து அழகுபடுத்துவோம் என்று தோன்றியது. இதுதான் மிகப் பெரிய தவறு. மேசையின் மரம் கறுத்து, அழுக்கேறி, அங்கங்கே கண்ணாடி டம்ளர் வைத்த வட்டத்தோடு இருந்தது. ஊரில் அலமாரி செய்யும் ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர், ஆனால் அவர் வேலை வேறு. உப்புத்தாள் போட்டு நான்கு நாள் தேய்த்து, மெலமைன் பாலிஷ் அடித்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார். தேய்க்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்த லண்டன் தட்டை உளியால் நெம்பினார். அது இரண்டாக உடைந்தது. இருபத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து, போட்டோ எடுத்துத் தம்பிக்கும் அனுப்பினேன். அந்தக் காலத்தில் மகோகனி மரத்துக்குக் கையால் தேய்த்துத் தேய்த்து அரக்கு பாலிஷ் ஏற்றியிருப்பார்கள். நூறு வருடக் கைப்பழக்கத்தில் அதன்மேல் படியும் அந்தக் கறுப்புக்கும் சேர்த்துத்தான் விவரம் தெரிந்தவன் காசு கொடுக்கிறான். நான் அதைக் காசு கொடுத்துச் சுரண்டி எறிந்தேன். பழைய பொருள் எதுவானாலும் விற்கும்வரை ஈரமில்லாத மெத்தென்ற துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்குகிறவன் விருப்பப்பட்டால் தேய்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் மாதம் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். மேசையைச் சுற்றி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நாற்பதாயிரம் தரலாம்மா, நானே கழற்றிக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு நாற்பதாயிரத்தைக் கேட்டால் சிரிப்பு வராதா? அவர் கோபப்படவில்லை. சுவர்ப்பக்கம் போய், சட்டத்தில் நின்ற, பந்தை அடிக்கும் க்யூக்களைக் காட்டி, "இந்தக் குச்சியெல்லாம் தனியா தருவீங்களா, ஒண்ணு நானூறு" என்றார். எட்டு க்யூ. வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமே என்று கொடுத்துவிட்டேன். மூவாயிரத்து இருநூறு ரூபாய். அதில் ஒன்று மட்டும் கறுப்பு வண்ணம் பூசிய நீளமான தகர உறைக்குள் இருந்தது. உறையையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் எண்ணாமல் பணத்தை நீட்டினார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தகர உறை க்யூவின் அடிப்பகுதியில் ஒரு சிறிய வட்டப் பட்டை இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதில் ஜான் ராபர்ட்ஸ் என்ற பெயர். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பில்லியர்ட்ஸ் சாம்பியன். இந்தியாவுக்குப் பலமுறை வந்து ஆடியவர். அந்தக் கால சாம்பியன்களின் பெயர் பொறித்த க்யூக்களைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. க்யூவைப் பொறுத்தவரை பெயர்ப்பட்டை எது, நுனி வெட்டப்படாமல் பழைய நீளத்திலேயே இருக்கிறதா, தரையில் உருட்டினால் நேராக உருளுகிறதா, கறுங்காலியும் ஆஷ் மரமும் சேருமிடத்தில் கையால் இழைத்துக் கோத்த வேலையா, இயந்திர வேலையா, உறை கூடவே இருக்கிறதா, இவைதான் விலையைச் சொல்லும். கையால் கோத்ததில் கறுங்காலியின் நான்கு முனைகளும் லேசாக ஏறி இறங்கி, ஒன்றுபோல் ஒன்று இராது. இயந்திரத்தில் நான்கும் அச்சடித்தாற்போல் இருக்கும். ஏழு சாதாரணக் குச்சிக்கு நானூறு ரூபாய் மோசமில்லை. எட்டாவதைத்தான் அவர் வாங்க வந்திருந்தார், மீதி ஏழும் அதை மறைக்க. விலை தெரியாத பொருட்களை மொத்தமாகக் கேட்பவரிடம், ஒன்றை மட்டும் தர மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். எதைச் சொல்லும்போது முகம் மாறுகிறதோ அதுதான் சரக்கு.

பிப்ரவரி கடைசியில் கட்டடத்தைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்றுகிற ஆட்களையே பேசினேன். மேட்டுப்பாளையத்தில் மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு குடோன் பிடித்தேன். மேசைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பச்சைத் துணியைக் கிழித்து எடுத்தால் கீழே ஐந்து ஸ்லேட் கற்கள் பக்கம் பக்கமாகப் பதிந்து ஒரே தளமாக இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டங்குலக் கனம், இருநூறு கிலோ. ஓரத்தில் 1 முதல் 5 வரை எண். ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து கல்லைப் படுக்கைவாட்டில் கட்டில் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். மூன்றாம் எண் கல் பந்து விழும் நடுப் பாக்கெட்டுக்காக இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டது, அங்கே பலவீனம். படியில் இறங்கும்போது மளுக்கென்ற சத்தம் கேட்டது. வெட்டிலிருந்து உள்நோக்கி ஒரு கையளவு கீறல். ஆட்களுக்கும் லாரிக்கும் நாற்பத்திரண்டாயிரம் கொடுத்தேன். கல்லைச் செங்குத்தாக, விளிம்பு கீழே இருக்கும்படி தூக்கி, அப்படியே நிறுத்தி வைத்துத்தான் ஏற்ற வேண்டும். மேசை பூட்டும் ஃபிட்டர்கள் என்றே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் கூலி எனக்கு ஆன சேதத்தில் கால்வாசி கூட வராது. இன்னொன்றையும் நான் செய்யவில்லை. கழற்றும் முன் மேசை நின்ற நிலையில், பந்தை உருட்டி ஒரு வீடியோ எடுத்திருக்க வேண்டும். பிரித்துப் போட்ட மேசை வாங்குபவன் கண்ணுக்கு விறகும் கல்லும்தான்.

ஆறாம் மாதம், குடோன் வாடகை உறைக்க ஆரம்பித்தபோது, இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். மேசை, ஸ்கோர் போர்டு, எட்டாத பந்தை அடிக்கும்போது க்யூவைத் தாங்கும் ரெஸ்ட்கள், பந்துப் பெட்டி எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டேன். அப்பாவின் பந்துப் பெட்டிக்குள் இரண்டு செட் இருந்தது. ஒன்று, அதே மேசையில் ஆடும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கான இருபத்திரண்டு பந்து கொண்ட வண்ண செட். இன்னொன்று பில்லியர்ட்ஸுக்கான மூன்றே மூன்று பந்து: இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. அவற்றை மட்டும் அப்பா ஃபிளானல் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார். வெள்ளை என்றாலும் நெய் மாதிரி மஞ்சள் பாரித்த வெள்ளை. இது யானைத் தந்தம் என்று அப்பா ஒருமுறை அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. ஆகவே 'அசல் தந்தப் பந்துகள், பழமையானவை' என்று பெருமையாக எழுதி, விலையும் போட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன். வயதான குரல். "கண்ணு, நீங்க குன்னூர் மார்க்கர் பொண்ணுங்களா? மொதல்ல அந்தப் பந்துப் படத்தை எடுத்துப்போடுங்க. அப்புறம் பேசலாம்." குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டுக் கை நடுங்கவே ஆரம்பித்துவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் நாற்பது வருடமாக மேசை பூட்டும் ஃபிட்டர். அப்பாவுக்கு ரப்பர் மாற்றிக் கொடுத்தவர். அவர் சொல்லித்தான் தெரிந்தது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-ல் வந்த திருத்தத்தோடு இந்திய யானைத் தந்த வியாபாரமும், 1991-ல் வந்த திருத்தத்தோடு ஆப்பிரிக்கத் தந்த வியாபாரமும் இந்த நாட்டில் முடிந்துவிட்டன. நூறு வருடப் பழசு, தாத்தா காலத்துப் பொருள், வெள்ளைக்காரன் வைத்தது என்றெல்லாம் சொன்னாலும் விற்கக்கூடாது. உரிமைச் சான்று இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே வில்லங்கம். அதாவது என்னிடமிருந்த பொருட்களிலேயே ரொம்பப் பழசும் ரொம்ப அபூர்வமுமான அந்த மூன்று பந்துக்கு விலை என்று ஒன்றே கிடையாது. விளம்பரத்தில் நான் போட்ட எண், எனக்கு எதிராக நானே எழுதிக்கொடுத்த வாக்குமூலம்.

அவை நிஜமாகவே தந்தமா என்ற சந்தேகம் எனக்கு வந்தது, அப்படி இருக்கக்கூடாது என்ற ஆசையோடு. தந்தத்துக்கு மாற்றாகச் செய்த பழைய பந்துகளும் மஞ்சளித்து அதே மாதிரி இருக்கும். 1860-களில் அமெரிக்காவில் பந்து வியாபாரிகள் தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று அறிவிக்க, ஜான் வெஸ்லி ஹயாட் என்பவர் முயன்று செல்லுலாய்ட் பந்து செய்தார். பிறகு பான்சோலைன், கிரிஸ்டலேட் என்று செயற்கைப் பந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது ஆடுவதெல்லாம் பீனாலிக் பிசினில் செய்தவை. ஃபிட்டர் சொல்லிக்கொடுத்தபடி பந்தை வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடியால் மெல்ல உருட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, நேர் எதிர்ப்பக்கத்திலும் அதே புள்ளி. தந்தத்தின் நடு நரம்பு ஓடும் இடம் அது. அந்தப் புள்ளியைச் சுற்றி, ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள், கம்பிக் கோலத்தில் இழைகள் பின்னுவது போல. மரம் மாதிரியே தந்தமும் ஒரு வாட்டத்தில் அதிகம் சுருங்கும். அதனால் பழைய பந்து முட்டை போல லேசாக நீண்டிருக்கும், சமதளத்தில் உருட்டினால் நொண்டும். மூன்றும் நொண்டின. சூடான ஊசியால் குத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும், தந்தமாக இருந்தால் பொருள் கெடும். சந்தேகம் வந்தால் கண்ணால் பாருங்கள், அப்புறம் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். ஐயாயிரம் ரூபாய் கட்டணம். எப்படி அப்பா கைக்கு வந்தது, எந்த வருடத்திலிருந்து வீட்டில் இருக்கிறது, இப்போது ஒப்படைக்க விரும்புகிறேன் என்று மனு எழுதினார். வனத்துறை அலுவலகத்தில் எடை போட்டு, அளந்து, எழுதி வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். ஃபிளானல் துணியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பேருந்தில் திரும்பி வரும்போது அழுதேன். பணத்துக்காக இல்லை என்று சொன்னால் பாதி பொய். உங்கள் விவகாரம் என்னுடையதைப் போல இருக்க வேண்டியதில்லை, அவரவர் காகிதம் அவரவருக்கு. ஆனால் பந்து, க்யூவின் அடிக்குமிழ், ஸ்கோர் போர்டின் எண்கள், பெயர்த்தட்டு என எதுவாக இருந்தாலும், தந்தம் இல்லை என்று உறுதியாகும் வரை விளம்பரத்தில் போடாதீர்கள். என் லண்டன் தட்டு தந்தம் இல்லை, தந்தம் போலச் செய்த செயற்கைப் பொருள். அது உடைந்த பக்கத்தைப் பார்த்தே ஃபிட்டர் சொல்லிவிட்டார்.

அவர் குடோனுக்கு வந்த நாளை மறக்கமாட்டேன். பேருந்தில் வந்தார், கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே ரசமட்டம், டார்ச், சின்னக் கத்தி. பளபளக்கும் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அட ஏங் கண்ணு, இதைப் போயி இழைச்சுப்போட்டீங்களே." அதற்குமேல் திட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எட்டுக் காலிலும் சட்டங்களிலும் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் இருந்தன. எண்ணுக்கு எண் பொருந்தினால் எல்லாம் ஒரே மேசையின் உறுப்புகள், பொருந்தாவிட்டால் இரண்டு மேசையைச் சேர்த்து ஒப்பேற்றியது. எங்களுடையது பொருந்தியது. கத்தி நுனியால் மரத்தின் அடிப்பக்கத்தைக் குத்திப் பார்த்தார், வண்டு அரித்த மாவு கொட்டுகிறதா என்று. கொட்டவில்லை. விளிம்பில் பந்து பட்டுத் திரும்பும் குஷன் ரப்பரை நகத்தால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. "இது போச்சு. நல்ல மேசைல பந்தை ஓங்கி அடிச்சா மேலயும் கீழயுமா அஞ்சு தடவை ஓடணும். இதுல ரெண்டு ஓடினா பெருசு." ஸ்லேட்டின் கீறலை விரலால் தடவினார். ஒட்டலாம், ஆனால் ஒட்டியதை மறைக்கக்கூடாது, வாங்குகிறவரிடம் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும் என்றார். தட்டின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் படித்தார். பழைய தட்டுகளில் அரச குடும்பத்துக்குச் செய்து கொடுத்தவர்கள் என்று ஒரு வரி இருந்தால், மகாராணிக்கு என்றிருக்கிறதா, மாட்சிமை தங்கிய மன்னருக்கு என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். விக்டோரியா இறந்தது 1901. அதற்கு முன்னா, பின்னா என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். எங்கள் தட்டில் அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில்தான் உடைந்திருந்தது.

பிறகு தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். நான் இணையத்தில் தேடிய எட்டு மாதத்தில் கிடைக்காத விலை அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தது. அவர் வழி ரொம்ப எளிது. இதே மேசை பூட்டி, ஆடத் தயாராக ஒரு கிளப்பில் நின்றால் என்ன பெறும்? மூன்றரை முதல் நாலு லட்சம். அதிலிருந்து துணி, ரப்பர், பூட்டுக்கூலி ஒரு லட்சத்து இருபதாயிரம் கழி. லாரி கழி. கீறல் விழுந்த கல்லுக்கு இருபத்தைந்தாயிரம் கழி. பாலிஷுக்கு, தட்டுக்கு, இல்லாத க்யூக்களுக்கு என்று ஒரு தொகை கழி. மீதிதான் இன்றைய விலை. "ரெண்டு லட்சம்னு கேளுங்க. ஒண்ணே முக்காலுக்கு வந்தா விடாதீங்க." மதிப்புச் சொல்பவர் அந்தப் பொருளை வாங்கப் போகிறவராக இருக்கக்கூடாது, விற்றுத் தந்து சதவீதம் எடுப்பவராகவும் இருக்கக்கூடாது. அதைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர் சொல்லும் விலையை நம்பலாம். இதை இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். அவர் பணம் வாங்க மறுத்தார். வேட்டி, சட்டை, பேருந்துச் செலவு என்று இரண்டாயிரத்தைப் பைக்குள் திணித்தேன். சின்னச் சாமான்களைத் தனியாக விற்காதே என்று போகும்போது சொன்னார். ஸ்கோர் போர்டைப் பதினைந்தாயிரத்துக்குக் கேட்டு வீடு அலங்கரிக்கும் ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார். மேசையைவிட போர்டும் விளக்குக் கூண்டும் சுலபமாகப் போகும், சுவரில் மாட்டினால் போதுமே. ஆனால் அவை போய்விட்டால் மேசை மொட்டை.

இடையில் ஒரு மானக்கேடும் நடந்தது. எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. இந்த மேசை ஊட்டி கிளப்பிலிருந்து வந்தது, இதில்தான் ஸ்னூக்கரே பிறந்தது என்று. வாங்க வந்த ஒருவரிடம் அதை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்கிற ராணுவ அதிகாரி. ஊட்டியில் 1882-ல் விதிகளை எழுதி ஒட்டினார்கள். நீலகிரியில் நான் பார்த்த பழைய மேசை எல்லாமே அந்த மேசைதான்" என்று சிரித்தார். அப்புறம் கேட்டார்: "கதை இருக்கட்டும், இது உங்களுடையது என்பதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா? கிளப் சொத்து என்று நாளைக்கு யாராவது வந்தால்?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. மேசை எவ்வளவு பழசு என்பதையே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அது யாருடையது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும் என்பது தோன்றவே இல்லை.

பத்தாம் மாதம், வீட்டு வரி ரசீது தேடும்போது, அப்பாவின் பிஸ்கட் டப்பாவில் பழைய ரேஷன் கார்டுக்கு அடியில் அந்தக் காகிதம் கிடைத்தது. கிளப் முகவரி அச்சிட்ட தாளில் தட்டச்சு செய்த ஒரு பக்கம், 1987, செயலாளர் கையெழுத்து. பாக்கிச் சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் ஈடாக மார்க்கருக்குக் கொடுக்கப்படுபவை: பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று, கிளப் 1911-ல் வாங்கியது. மார்க்கிங் போர்டு ஒன்று. ரெஸ்ட் நான்கு. இஸ்திரிப் பெட்டி ஒன்று. பந்து இரண்டு செட். க்யூ எட்டு, அதில் ஒன்று உறையுடன். அந்த ஒரு பக்கம் முதல் மாதமே கையில் இருந்திருந்தால் வயது தேட வேண்டியதில்லை, உரிமைக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்க வேண்டியதில்லை, 'உறையுடன்' என்ற சொல்லைப் பார்த்தாவது எட்டாவது க்யூவைப் பிடித்து வைத்திருப்பேன். பொருளைத் தொடும் முன் டப்பாக்களைக் கொட்டிப் பாருங்கள். சம்பளச் சீட்டு, ரசீது, பின்னால் தேதி எழுதிய குழு போட்டோ, எதையும் எறியாதீர்கள்.

காகிதம் வந்தபின் வேலை நடந்தது. கோத்தகிரியில் பழைய தோட்ட பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியவர் ஒருவர் கேட்டார். கீறலை முதலில் காட்டினேன். பாலிஷ் கதையையும் மறைக்கவில்லை. ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எல்லாமாகப் பேசி முடித்தோம். கழற்றி இறக்கி மேட்டுப்பாளையம் கொண்டுவந்த மேசையை மறுபடியும் மலைக்கே ஏற்றினார்கள், அவர் செலவில். கணக்கு இது: பாலிஷ் 28,000, ஆளும் லாரியும் 42,000, குடோன் பதினோரு மாதம் 38,500, வழக்கறிஞர் 5,000, ஃபிட்டருக்கு 2,000. மொத்தம் 1,15,500. மேசையும் குச்சிகளும் சேர்த்து வந்தது 1,78,200. மிச்சம் 62,700. பாலிஷ் போடாமல், முதலில் வந்த வியாபாரிக்கே கொடுத்திருந்தால் நாற்பத்து மூவாயிரத்து இருநூறு தந்திருப்பார், தானே கழற்றியும் இருப்பார். பதினான்கு மாத அலைச்சலுக்கு எனக்குக் கிடைத்த உபரி பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். தம்பி இதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தான்.

மேசை பூட்டிய அன்று விடுதிக்காரர் வரச் சொன்னார். நம் ஃபிட்டர்தான் பூட்டினார், மகனை வைத்துக்கொண்டு. கல்லின் இணைப்புகளை அடைத்து, ரசமட்டத்தை நாலு மூலையிலும் வைத்து, சீட்டுக்கட்டு அட்டையை நறுக்கி ஒவ்வொரு காலுக்குக் கீழும் செருகி, துணியை இழுத்து ஆணி அடிக்க மூன்று நாள். நான் போனபோது புதுத் துணியின் வாசனை அறை முழுக்க இருந்தது. சுவரில் அப்பாவின் போர்டு, முள் பூஜ்ஜியத்தில். ஃபிட்டர் ஒரு வெள்ளைப் பந்தை வைத்து, என்னிடம் எண்ணச் சொல்லிவிட்டு, ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் பாதி வழியில் நின்றது. அவர் குனிந்து குஷனைத் தட்டிப் பார்த்தார். "புது ரப்பர் கண்ணு. ஒரு மாசம் ஆடட்டும், வந்துரும்."